பரணில் கிடைத்த பட்டறைப் பெட்டி: துடைத்து வைப்பதா, பழுது பார்ப்பதா, சுரண்டிப் புதுப்பிப்பதா?

நாகப்பட்டினத்திலும் பொன்மலையிலும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர்கள், டெல்டாவின் ரைஸ்மில்களில் ஆயில் இன்ஜினோடு காலம் கழித்த ஃபிட்டர்கள், ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்ப் பட்டறை வேலை செய்து திரும்பியவர்கள். இவர்கள் வீட்டுப் பரணை ஒழிக்கும்போது சில சமயம் ஒரு மரப்பெட்டி அகப்படும். மேலே தூக்கித் திறக்கும் மூடி, முன்னால் கழற்றக்கூடிய ஒரு பலகை, அதற்குப் பின்னால் வரிசையாகத் தட்டை இழுப்பறைகள். உள்ளே பச்சைக் கம்பளித் துணி ஒட்டியிருக்கும், எண்ணெய் வாடை இன்னும் அடிக்கும். லேத்திலும் மில்லிங் மெஷினிலும் நுட்ப வேலை செய்தவர்கள் மைக்ரோமீட்டர், வெர்னியர், டயல் கேஜ் போன்ற அளவுக் கருவிகளை எல்லாம் வைத்துப் பூட்டிய பெட்டி அது.

பெட்டி கையில் வந்ததும் வீட்டில் பேச்சு இரண்டாகப் பிரியும். "தாத்தா வச்ச மாதிரியே இருக்கட்டும்" என்று ஒருவர். "இப்படிக் கறுப்பா ஹால்ல எப்படி வைக்கறது, தேய்ச்சுப் பாலிஷ் போட்டா புதுசா ஆயிடும்" என்று இன்னொருவர். இந்தக் கேள்வியோடு நின்றுபோனவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலான பெட்டிகளுக்குப் பழைய பூச்சை வைத்துக்கொண்டு பழுது பார்ப்பதுதான் சரி. சுரண்டுவது சில பெட்டிகளுக்கு மட்டும். எந்தப் பெட்டி என்று தெரியாமல் உப்புத்தாளைக் கையில் எடுக்கக் கூடாது.

## எதை வைத்து முடிவு செய்வது

நான் ஐந்து விஷயம் பார்ப்பேன். யார் செய்த பெட்டி, என்ன மரம் என்பது முதலில். அடுத்து, மேல்பூச்சு எது, அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது. மூன்றாவது, மூட்டுகளும் இழுப்பறைகளும் உறுதியாக இருக்கின்றனவா. நான்காவது, இனி அதில் கருவி வைத்து வேலை செய்யப் போகிறீர்களா, பார்வைக்கு வைக்கப் போகிறீர்களா. ஐந்தாவதைத்தான் நம் பக்கத்தில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்: பெட்டி எந்த ஊரில் நிற்கப் போகிறது? வேதாரண்யத்தில் உப்புக்காற்று படும் வீடும், தஞ்சாவூரில் உள்ளே தள்ளிய அறையும் ஒன்றல்ல.

இந்த ஐந்தில் முதல் இரண்டுக்கும் பதில் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. அதைப் படிப்பதற்குத்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

## பெட்டியை அடையாளம் காண்பது

தச்சர் பெட்டி ஆழமாக, உள்ளே ஒன்றிரண்டு தட்டுகளோடு இருக்கும். கல்லாப்பெட்டியில் காசுக்கான குழிகள் இருக்கும். பட்டறைப் பெட்டியில் இழுப்பறைகள் மேலே மெலிசாகவும் கீழே போகப்போக ஆழமாகவும் வரும். கனமான கருவி அடியில், நுட்பமான கருவி மேலே என்ற கணக்கு. நடுவில் ஒரு சின்ன இழுப்பறை மட்டும் உயரமாக இருந்தால், அது கணக்கு அட்டவணைகள் கொண்ட கையேடு வைக்கும் இடம். முன்பலகை சும்மா கழன்று வராது. மூடியைத் திறந்த பிறகே அதை எடுத்து, அடி இழுப்பறைக்குக் கீழே உள்ள பிளவில் தள்ளி வைக்க முடியும். மூடியைச் சாத்திப் பூட்டினால் அந்தப் பலகையும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். மூடியின் உட்பக்கம் கண்ணாடி இருந்தால் அதை எடுத்துவிடாதீர்கள், அது பிறகு வைத்ததல்ல.

பெயர்த்தகட்டை முதலில் தேடுங்கள். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் 1906-ல் தொடங்கிய கெர்ஸ்ட்னர் கம்பெனிதான் இந்த வகைப் பெட்டிக்கு உலகப் பெயர் வாங்கியது. இங்கிலாந்தில் அதே 1906-ல் ஷெஃபீல்டில் தொடங்கிய மூர் அண்ட் ரைட், அளவுக் கருவிகளோடு பெட்டிகளையும் விற்றது. தகடு இல்லையென்றால் மூடியிலும் முன்பலகையிலும் இரண்டு சிறு துளைகளும், நடுவே நிறம் மாறாத ஒரு செவ்வகமும் தெரிகிறதா பாருங்கள். தகடு இருந்து விழுந்த இடம் அது.

தகடே இருந்திருக்காத பெட்டிகளும் உண்டு. இங்குள்ள தச்சர்கள் வெளிநாட்டுப் பெட்டியைப் பார்த்துத் தேக்கில் செய்தவை. இவற்றைத் தாழ்வாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூலையில் பலகைகள் கோத்துக்கொள்ளக் கையால் வெட்டிய பற்கள் ஒன்றுக்கொன்று சற்று அகலம் மாறியிருக்கும். தச்சர் கீறிய அளவுக்கோடு பலகையின் பக்கவாட்டில் இன்னும் தெரியும். தொழிற்சாலைப் பெட்டியில் எல்லாப் பல்லும் ஒரே அளவு. விலை வெளிநாட்டுப் பெட்டிக்குக் கூடுதலாக இருக்கலாம், ஆனால் நம் ஊர் ஈரத்தை நன்றாகத் தாங்கியது தேக்குப் பெட்டிதான்.

மரத்தை அறிய இழுப்பறையின் பின்பலகை போன்ற பூச்சு படாத இடத்தைப் பாருங்கள். ஓக் மரத்தை ஆரவாட்டில், அதாவது நடுவிலிருந்து விளிம்பை நோக்கி, அறுத்திருந்தால் இழைகளுக்குக் குறுக்கே பளபளவென்று வெள்ளிக் கீற்றுகள் ஓடும். தேக்கு தொட்டால் எண்ணெய்ப்பசையாக, லேசான தோல் வாடையோடு இருக்கும். இரும்புத் திருகைச் சுற்றி நீலக்கறுப்பாகக் கறை இருந்தால் ஓக் என்று சந்தேகப்படலாம். ஓக்கில் உள்ள டானின் ஈரத்தில் இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் கறை அது.

காலத்துக்குச் சில அடையாளங்கள் உண்டு. கூட்டல் குறிபோல் குறுக்குப் பள்ளம் போட்ட திருகுகள் 1930-களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தன. பெட்டி முழுவதும் ஒற்றைப் பள்ளத் திருகாக இருந்து, ஒன்றிரண்டு மட்டும் குறுக்குப் பள்ளமாக இருந்தால் அவை பிற்காலப் பழுதுவேலை. தென்னிந்திய ரயில்வே (எஸ்.ஐ.ஆர்.) 1951 ஏப்ரலில் வேறு ரயில்வேக்களோடு இணைந்து தெற்கு ரயில்வே ஆனது. ஆகவே எஸ்.ஐ.ஆர். என்ற முத்திரை எங்காவது இருந்தால் அது அதற்கு முந்தியது. நாகப்பட்டினத்து ஒர்க்‌ஷாப் 1928-ல் பொன்மலைக்கு மாறியது. குடும்பத்தில் "தாத்தா நாகையில் வேலை பார்த்தார்" என்ற பேச்சு இருந்தால் இந்த ஆண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே இருக்கும் அளவுகோலில் அங்குலம் மட்டும் இருப்பதை வைத்து மட்டும் வயது சொல்லிவிடாதீர்கள். 1956-ல் மெட்ரிக் சட்டம் வந்த பிறகும் பழைய மெஷின்களுக்காகப் பட்டறைகளில் அங்குலக் கருவிகள் புழங்கின.

எல்லாவற்றையும்விட முக்கியம், இழுப்பறை முகப்பிலோ மூடியின் உள்ளேயோ குத்தியிருக்கும் தொழிலாளியின் முதலெழுத்துகளும் டோக்கன் எண்ணும். தகட்டைப் போல இன்னொன்று கிடைக்கலாம், இந்த எண் வேறெங்கும் கிடைக்காது. உப்புத்தாள் முதலில் தின்பது இதைத்தான்.

## பூச்சு எது என்று அறிதல்

மறைவான இடத்தில், பஞ்சில் தொட்டு ஒரு சொட்டு பாலிஷ் ஸ்பிரிட் வையுங்கள். பிசுபிசுத்து இளகினால் அது அவலரக்கு, அதாவது பழைய பிரெஞ்ச் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் வார்னிஷ் அல்லது பிற்காலத்தில் யாரோ அடித்த பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு. அவலரக்கு என்று தெரிந்தால் உங்கள் வேலை பாதியாகக் குறையும். பழைய அரக்கு புது அரக்கோடு கரைந்து ஒன்றாகிவிடும், மற்றப் பூச்சுகள் அப்படி ஒன்றாவதில்லை. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் விளையும் அரக்குதான் அது. வெளிநாட்டுப் பெட்டி என்றாலும், அதில் பூசிய அரக்கு பெரும்பாலும் இங்கிருந்து போனதாகத்தான் இருக்கும்.

## வழி 1: துடைத்து அப்படியே வைப்பது

பூச்சு பெரும்பகுதி இருக்கிறது, மூட்டு ஆடவில்லை, இழுப்பறை ஓடுகிறது என்றால் இதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள். டர்பன்டைன் நனைத்த பருத்தித் துணியால் துடைத்தாலே பல பத்தாண்டு எண்ணெய்க் கறுப்பு இறங்கும். டர்பன்டைன் அரக்கைக் கரைக்காது, ஸ்பிரிட் கரைத்துவிடும். இரண்டும் ஒரே அலமாரியில் ஒரே மாதிரி டப்பாவில் நிற்கும், பார்த்து எடுங்கள். பிறகு மெல்லிய தேன்மெழுகுப் பூச்சு போதும்.

இதில் மறைந்திருக்கும் செலவு பணமல்ல, பராமரிப்பு. மூடிய ஓக் பெட்டியில் மரத்திலிருந்து அமில ஆவி கசியும். நம் ஊர் ஈரத்தோடு அது சேர்ந்தால் உள்ளே இருக்கும் இரும்புக் கருவி துருப்பிடிக்கும். கருவிகளுக்கு எண்ணெய் தடவி, இழுப்பறைக்கு ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் அதை மாற்ற வேண்டும். பெட்டியைத் தரையிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். சுவரின் ஈரம் பின்பலகையில் ஏறும், கறையானுக்கும் அதுவே பாதை.

குடும்ப நினைவுக்காக வைப்பவர்களுக்கும், அருங்காட்சியகத்துக்குத் தர நினைப்பவர்களுக்கும் இதுதான் வழி. திருச்சியில் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. ரயில்வே முத்திரையுள்ள பெட்டி என்றால் தொடுவதற்கு முன்பு அங்கே ஒரு முறை பேசிப் பார்க்கலாம்.

## வழி 2: பழைய பூச்சை வைத்துக்கொண்டு பழுது பார்ப்பது

அதிகமானவர்களுக்கு இதுதான் பொருந்தும் என்பதால் இதை விரித்துச் சொல்கிறேன்.

மூட்டு விட்டிருந்தால் முதலில் பழைய பசை எது என்று பாருங்கள். பழுப்பாக, கண்ணாடிச் சில்லுபோல் உடைந்தால் அது வச்சிரம், அதாவது தோலும் எலும்பும் காய்ச்சி எடுக்கும் பசை. வெந்நீரில் நனைத்த துணியால் இளக்கி எடுத்துவிடலாம், வச்சிரத்தையே மீண்டும் காய்ச்சி ஒட்டலாம். வெள்ளைப் பசை வலுவானதுதான். ஆனால் பழைய வச்சிரத்தின் மேல் அது பிடிக்காது, பிடித்தால் பிறகு பிரிக்க முடியாது. ஒரு பழுதுவேலையைப் பின்னால் வருபவர் பிரித்துத் திருத்த முடிய வேண்டும். அதனால் வச்சிரத்தையே நான் விரும்புகிறேன். ஒரு விதிவிலக்கு தேக்கு. தேக்கின் எண்ணெய் எந்தப் பசையையும் தள்ளும், ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்த உடனே ஒட்ட வேண்டும்.

இழுப்பறை இறுகினால் ஐப்பசி, கார்த்திகையில் இழைப்புளியைத் தொடாதீர்கள். மரம் ஈரம் குடித்து இழைக்குக் குறுக்கே உப்பியிருக்கும் காலம் அது. அப்போது இழைத்துவிட்டால் பங்குனி, சித்திரையில் அதே இழுப்பறை கடகடவென்று ஆடும். வெயில் காலத்திலும் இறுகினால் மட்டும் இழைக்கலாம். அதற்கு முன்பு ஓடுதடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துப் பாருங்கள், பாதிப் பெட்டிகளுக்கு அதுவே போதும்.

பூச்சு வெடித்தும் மங்கியும் இருந்தால் ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 100 முதல் 125 கிராம் அவலரக்கு கரைத்த மெல்லிய கரைசலைத் துணிப்பந்தால் தேய்க்க வேண்டும். பழைய பூச்சு இளகிச் சமமாகிவிடும். கரைத்த அரக்கு நாளானால் காய மறுக்கும், நம் வெயிலில் இன்னும் சீக்கிரம் கெடும். வேலைக்கு வேண்டியதை மட்டும் கரையுங்கள். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, கெட்டியாகக் காய்ந்தால்தான் பெட்டியில் தொடுங்கள்.

ஓக் மரத்தில் இரும்பு நார் கொண்டு தேய்க்கவே கூடாது. துளைகளில் சிக்கும் தூள் அடுத்த மழைக்காலத்தில் பெட்டி முழுக்கக் கறுப்புப் புள்ளியாகப் பூக்கும். நைலான் நார் போதும். ஏற்கெனவே வந்த நீலக்கறையை ஆக்சாலிக் அமிலம் எடுக்கும். அது விஷம், கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடாதீர்கள், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பூட்டி வையுங்கள்.

பித்தளைக்குப் புளி போடுவது நம் வீட்டுப் பழக்கம். குத்துவிளக்குக்கு சரி, பெட்டியின் தாழுக்கு யோசிக்க வேண்டும். அதிகநேரம் ஊறினால் துத்தநாகம் கரைந்து பித்தளை செம்பு நிறம் காட்டும். நிக்கல் முலாம் பூசிய தாழில் மிச்சமிருக்கும் முலாமும் போய்விடும். கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, மெழுகு தடவுவதே பாதுகாப்பு. மூலைத் தகடோ கைப்பிடியோ தொலைந்திருந்தால் டெல்டாவில் இருப்பவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு: நாச்சியார்கோயிலில் விளக்கு வார்க்கும் பட்டறைகளிடம் மறுபக்கத்துத் தகட்டை மாதிரியாகக் கொடுத்து ஒன்றே ஒன்று வார்த்துத் தர முடியுமா என்று கேட்கலாம். கடையில் வாங்கும் மெல்லிய தகட்டைவிட அது பெட்டிக்குப் பொருந்தும்.

கம்பளித் துணியை அந்து அரித்திருந்தால் மாற்ற வேண்டும். ஒரு சின்ன துண்டையாவது பழையதிலிருந்து ஒரு இழுப்பறையில் விட்டுவையுங்கள். பின்னால் ஒட்டிய பசையோடு வரும் துணியைத் தவிர்ப்பது நல்லது, வெயிலில் அந்தப் பசை இளகி மரத்தில் ஊறும். மைதாப் பசை வேண்டவே வேண்டாம், பூச்சிக்கு விருந்து.

இந்த வழியின் மறைமுகச் செலவு நேரம்தான். பெட்டி சில வாரம் மேசையை அடைத்துக்கொள்ளும். கூலிக்குக் கொடுத்தால் ஆள் கிடைப்பது கடினம், ஏனெனில் பாலிஷ்காரர்களுக்குப் பழையதைக் காப்பாற்றுவதைவிடச் சுரண்டிப் புதிதாக அடிப்பது எளிது. தஞ்சாவூரில் ஒரு பெரியவர் வெளிப்படையாகவே சொன்னார்: "தம்பி, சுரண்டறதுக்கு ஒரு நாள் கூலி. சுரண்டாம பண்ணறதுக்கு நாலு நாள் கூலி. எதுன்னு சொல்லுங்க." அவர் சொன்ன கணக்கு நியாயமானது. நாலு நாள் கூலி கொடுக்கத் தயாராக இருங்கள்.

## வழி 3: முழுக்கச் சுரண்டிப் புதுப் பாலிஷ்

இதுவே சரியாக இருக்கும் பெட்டிகள் உண்டு. யாரோ பச்சையோ நீலமோ எனாமல் அடித்துவிட்டார்கள். அல்லது வெள்ளத்தில் கிடந்து பூச்சு வெளுத்து உரிந்துவிட்டது. 2018 நவம்பரில் கஜா கரையைக் கடந்தபோது கூரை பறந்த வீடுகளில் நனைந்த பெட்டிகள் இப்படித்தான் இருந்தன. நனைந்த பெட்டியை வெயிலில் வைத்தால் பலகை முறுக்கும். நிழலில், இழுப்பறைகளை வெளியே எடுத்து, தட்டையாக எடை வைத்து மெதுவாக உலர்த்திய பிறகே அடுத்த வேலை.

பழைய எனாமலை உலர்வாக உப்புத்தாள் போடாதீர்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது 2017-ல்தான். அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூள் பிள்ளைகளுக்குக் கேடு. பெயின்ட் ரிமூவர் தடவி ஈரமாக வழித்தெடுப்பதே முறை.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். பி.யு.வோ மெலமைனோ கெட்டியாக ஏறினால் இழுப்பறை விளிம்பில் அந்தக் கனமே தடையாகும், மழைக்காலத்தில் திறக்காது. பிறகு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்த முடியாது, மொத்தமாக மறுபடி சுரண்ட வேண்டும். விற்கும்போது தெரிந்தவர் விலையைக் குறைப்பார். டோக்கன் எண் போயிருந்தால் அதை எந்த விலை கொடுத்தும் திரும்பப் பெற முடியாது.

மற்றபடி, வேலை செய்யும் பட்டறையில் தினமும் எண்ணெய்க் கையோடு திறக்கும் பெட்டிக்கு, அதுவும் பெயரில்லாத, பூச்சு போன பெட்டிக்கு, பி.யு. தாங்கும். அரக்கு தாங்காது. அங்கே நான் மறுக்கமாட்டேன்.

## வழி 4: விற்பது

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன, அங்கே ஒரு மதிப்பு கேட்கலாம். விற்பது என்று முடிவானால் எதையும் தேய்க்காமல், கருவிகளோடு சேர்த்துக் காட்டுங்கள். கருவிகளைத் தனியாக முதலில் விற்றுவிட்டுக் காலிப் பெட்டியைப் பிறகு கொண்டுபோனால் இரண்டுக்குமே விலை இறங்கும்.

## ஒரே பார்வையில்

| | துடைத்து வைத்தல் | பழுது பார்த்தல் | சுரண்டிப் புதுப்பித்தல் |
|---|---|---|---|
| பெயர்த்தகடு, டோக்கன் எண் உள்ள பெட்டி | மிகப் பொருத்தம் | பொருந்தும் | கூடாது |
| எனாமல் அடித்தது, வெள்ளத்தில் போனது | போதாது | பெரும்பாலும் போதாது | பொருந்தும் |
| தினசரிப் பட்டறை வேலை | பூச்சு தாங்காது | கவனமாக இருந்தால் சரி | பொருந்தும் |
| கூலி | இல்லை | அதிகம் | குறைவு |
| பிறகு மாற்ற முடியுமா | முடியும் | முடியும் | முடியாது |
| உப்புக்காற்று ஊர் | சிலிக்கா ஜெல், எண்ணெய் கட்டாயம் | அதே | அதே, பூச்சு உட்புறமும் வேண்டும் |

## ஆசாரியிடமோ பாலிஷ்காரரிடமோ கொடுப்பதற்கு முன்

எந்த வழியானாலும் அரக்குப் பாலிஷை மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். காற்றில் ஈரம் கூடியிருந்தால் பூச்சு வெளுத்துப் பனிபோல் படரும். தை பிறந்த பிறகு, ஆனி வரைக்கும் நல்ல காலம். காலையில் பனி விலகிய பிறகு தொடங்கச் சொல்லுங்கள்.

கொடுப்பதற்கு முன்பு ஒவ்வொரு பக்கத்தையும், தகடு, முத்திரை, எண் எல்லாவற்றையும் தனித்தனியாகப் படம் எடுத்து வையுங்கள். இழுப்பறைகளின் அடியில் பென்சிலால் வரிசை எண் போடுங்கள், கையால் செய்த பெட்டியில் ஒன்றின் இடத்தில் இன்னொன்று நுழையாது. திருகுகள் கழற்றிய துளைக்கே திரும்பப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். பூட்டுக்குச் சாவி இல்லையென்றால் துளைபோட்டுத் திறக்க விடாதீர்கள், பழைய பூட்டுகளுக்கு அச்சு எடுத்துச் சாவி வெட்டும் ஆட்கள் கும்பகோணம், திருச்சிக் கடைத்தெருக்களில் இன்னும் அகப்படுவார்கள். எந்த இடத்தில் உப்புத்தாள் படக் கூடாதோ அந்த இடத்தில் காகித டேப் ஒட்டி, அதன் மேல் "தொடாதீர்" என்று எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னதைப் பட்டறைப் பையன் மறந்துவிடுவான், டேப் மறக்காது.